ஜிடிபியின் உள்ளே என்ன நடக்கிறது: கேள்வி பதில்

ஒரு சிப் நிறுவனத்தின் டூல்ஸ் குழுவில் பதினோரு வருடமாக ஜிடிபி என்ற டீபக்கரை, அதாவது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவியை, பராமரிக்கும் வேலை என்னுடையது. ஜிடிபியை எங்கள் பிராசசருக்கு ஏற்றபடி மாற்றிய பகுதியான போர்ட்டைக் கவனிப்பது, ஜிடிபியின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் போர்ட்டை அதனோடு ஒட்டவைப்பது, உடைந்ததைச் சரிசெய்வது. டீபக்கரைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தனியாகச் சொல்லாத இடங்களில் லினக்ஸும் எக்ஸ்86-64 பிராசசரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மூன்றாம் வருடம். பிரேக்பாயிண்ட் வைத்தால் புரோகிராம் சரியாக அந்த வரியில் நிற்கிறதே, ஜிடிபி ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே இருக்குமா?

பார்த்துக்கொண்டே இருந்தால் புரோகிராம் நகரவே நகராது தம்பி. ஜிடிபி அந்த நேரம் முழுக்கத் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், கெர்னல் எழுப்பினால்தான் விழிக்கும்.

நீங்கள் கேட்ட முகவரி 401136, அங்கே இருக்கும் பைட் ஹெக்ஸில் 55 என்று வைத்துக்கொள்வோம். ஜிடிபி அந்த 55-ஐத் தன்னிடம் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் சிசி என்ற பைட்டை எழுதிவிடும். சிசி என்பது ஒரே பைட்டில் அடங்கும் ஓர் ஆணை, அதை ஓட்டப்போன பிராசசர் உடனே கெர்னலுக்குள் தாவிவிடும். கெர்னல் சிக்டிராப் சிக்னலை எழுப்பி, புரோகிராமை நிறுத்தி, காத்துக்கொண்டிருக்கும் ஜிடிபியைத் தட்டி எழுப்பும். இதற்கெல்லாம் அடிப்படை, கெர்னல் தரும் பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சிசி ஓடி முடிந்துவிட்டதால், அடுத்து ஓட வேண்டிய ஆணையின் முகவரியை வைத்திருக்கும் பிசி ரெஜிஸ்டர் 401137-இல் நிற்கும், ஜிடிபி அதிலிருந்து ஒன்றைக் கழித்து 401136 என்று மாற்றி எழுதும். (64 பிட் ஆர்ம் பிராசசரில் பிசி நகராமல் அங்கேயே நிற்பதால் கழிக்க வேண்டியதில்லை. போர்ட் எழுதுபவர் சொல்லித் தர வேண்டிய முதல் விஷயங்களில் இது ஒன்று.) நீங்கள் மறுபடி ஓடவிட்டதும், பழைய 55-ஐத் திரும்ப வைத்து, ஒரே ஓர் ஆணையை மட்டும் ஓட்டி, அது தாண்டியதும் மறுபடி சிசியை வைத்து, அப்புறம்தான் முழு வேகத்தில் விடும். நாம் ‘கண்டின்யூ’ என்று ஒரு சொல் அடிக்கிறோம், உள்ளே இத்தனை நடக்கிறது.

கேள்வி: அப்படியானால் மெமரியில் இருக்கும் ஆணைகளை டிஸ்அசெம்பிள் செய்து பட்டியலாகப் பார்க்கும்போது எனக்கு அந்த சிசி ஏன் தெரிவதில்லை?

இரண்டு காரணம். வழக்கமான அமைப்பில், புரோகிராம் நின்றவுடன் ஜிடிபி எல்லா சிசிகளையும் எடுத்துவிடும், ஓடவிடும்போதுதான் மறுபடி வைக்கும். எடுக்காமல் வைத்திருக்கும் அமைப்பிலும், நீங்கள் மெமரியைக் கேட்டால் குறித்துவைத்த பழைய பைட்டைத்தான் காட்டும். தான் தொட்ட இடம் உங்கள் கண்ணில் படக் கூடாது என்பது அதன் கொள்கை. ஆனால் புரோகிராம் தன் கோடைத் தானே படித்துச் செக்சம் போட்டால் அதற்கு சிசி தெரிந்துவிடும், அங்கே மறைக்க வழியில்லை.

கேள்வி: சி மொழியின் பொது லைப்ரரியான லிப்சியில் இருக்கும் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைக்கிறேன். அதே லிப்சியைத்தானே மற்ற எல்லா பிராசஸும் பகிர்ந்துகொள்கின்றன, அவை ஏன் நிற்பதில்லை?

ஜிடிபி எழுத முயலும்போதே கெர்னல் அந்தப் பக்கத்தை உங்கள் பிராசஸுக்கு மட்டும் தனிப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். சிசி அந்தப் பிரதியில் மட்டும் இருக்கும். டிஸ்க்கில் இருக்கும் கோப்பும் மாறாது.

கேள்வி: ஒரே புரோகிராமுக்குள் சேர்ந்து ஓடும் த்ரெட் நிறைய இருந்தால்? சிசியை எடுத்துவிட்டு ஓர் ஆணை ஓட்டும் அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் அந்த வழியாகப் போய்விடாதா?

போய்விடும். கூர்மையான கேள்வி, இதைச் சரியாகப் பிடிக்கத்தான் ஜிடிபியில் ஏகப்பட்ட கோடு இருக்கிறது. எளிய வழி, அந்த ஓர் ஆணைக்கு மற்ற எல்லா த்ரெட்களையும் நிறுத்தி வைப்பது. பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. மற்ற த்ரெட்கள் நிற்கக் கூடாது என்ற நிலையில் இன்னொரு வழி: சிசியை எடுக்கவே எடுக்காமல், அசல் ஆணையை வேறோர் இடத்துக்கு நகலெடுத்து, அங்கே ஓட்டி, முடிந்ததும் பிசியையும் ரெஜிஸ்டர்களையும் அசல் இடத்தில் ஓடியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படித் திருத்துவது. லினக்ஸில் அந்த ‘வேறோர் இடம்’ எது தெரியுமா? புரோகிராம் தொடங்கும் நுழைவு முகவரி. அந்தக் கோடு தொடக்கத்தில் ஒரு முறை ஓடி முடிந்துவிட்டது, இனி யாருக்கும் தேவையில்லை, அதை மேசை மாதிரி பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் முறை இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கேள்வி: மேடம், லூப்புக்குள் கண்டிஷன் போட்டு பிரேக்பாயிண்ட் வைத்தேன், சில நொடியில் முடிய வேண்டிய புரோகிராம் அரை மணி நேரம் ஓடியது. இது ஜிடிபியின் பக் தானா?

பக் இல்லை. கண்டிஷன் பொய்யாக இருந்தாலும் சிசி ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கிறது. நிறுத்தி, ஜிடிபிக்கு வந்து, உங்கள் கண்டிஷனைக் கணக்கிட்டு, மேலே சொன்ன தாண்டும் வேலையைச் செய்து, மறுபடி ஓடவிட்டு, இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும். நான் செய்வது, கண்டிஷனை புரோகிராமிலேயே ஓர் இஃப் ஆக எழுதி உள்ளே பிரேக்பாயிண்ட் வைப்பது. மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்தான், ஆனாலும் அதுதான் சீக்கிரம் முடியும். தூரத்தில் இருக்கும் போர்டில் ஜிடிபியின் துணைப் புரோகிராமான ஜிடிபிசர்வர் ஓடினால் கண்டிஷனை அதனிடமே அனுப்பிவிடலாம், வயர் வழியாகப் போய்வரும் நேரமாவது மிச்சம்.

ஒரு மதிப்பு மாறியதும் நிறுத்தும் வாட்ச்பாயிண்ட் ஏன் சில சமயம் மெதுவாகிறது என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிராசசரில் அதற்கென்று இருக்கும் முகவரி ரெஜிஸ்டர்கள் நான்குதான், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட்டைக் கவனிக்கும். அதற்குள் அடங்காவிட்டால் ஜிடிபி ஒவ்வோர் ஆணையாக ஓட்டி மதிப்பு மாறியதா என்று பார்க்கும், நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகிவிடும். முழு ஸ்ட்ரக்சரையும் கவனி என்று சொல்லாமல், சந்தேகப்படும் ஒரு ஃபீல்டை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: வேரியபிளின் மதிப்பைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தாலே எரிச்சலாக இருக்கிறது. மதிப்பு எங்கேயோ ஒரு ரெஜிஸ்டரில் இருக்கத்தானே செய்யும், தேடி எடுத்துக் காட்ட என்ன கஷ்டம்?

எரிச்சல் புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் நான் ஜிடிபி பக்கம்தான்.

ஒரு வேரியபிள் எங்கே இருக்கிறது என்று ஜிடிபிக்குத் தானாகத் தெரியாது. கம்பைலர் டுவார்ஃப் என்ற வடிவத்தில் எழுதி வைக்கும் குறிப்புதான் ஆதாரம். அதில் ‘இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை இந்த ரெஜிஸ்டரில், அங்கிருந்து ஸ்டாக்கில் இந்தத் தூரத்தில்’ என்று பட்டியல் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு வரி இல்லையென்றால், அந்த மதிப்பு அங்கே உயிரோடு இல்லை அல்லது கம்பைலர் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் பழைய எண் ஒன்று கிடக்கலாம். அது உங்கள் வேரியபிளா, அடுத்த கணக்குக்காக வந்து உட்கார்ந்த வேறொன்றா? யூகித்துக் காட்டினால் பத்தில் சில முறை தவறாக இருக்கும், எந்தச் சில முறை என்று உங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டீபக்கரை நம்பி வேலை செய்யலாம். தப்பான எண்ணை நிதானமாகக் காட்டும் டீபக்கரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் போர்ட்டில், யார் யாரை அழைத்தார்கள் என்ற பேக்டிரேஸைக் கண்டுபிடிக்க, ஃபங்ஷனின் முதல் சில ஆணைகளைப் படித்து ‘திரும்பும் முகவரியை இங்கே ஸ்டாக்கில் போடுகிறது’ என்று முடிவு செய்யும் ஒரு பகுதி இருந்தது. வருடக்கணக்கில் சரியாக ஓடியது. கம்பைலரைப் புதுப்பித்தோம். புதிய கம்பைலர், ஃபங்ஷன் சீக்கிரமே திரும்பிவிடும் வழிகளில் ஸ்டாக்கைத் தொடாமல், தேவைப்படும் கிளையில் மட்டும் அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தது. எங்கள் பகுதிக்கு அது தெரியாது. இன்னும் எழுதப்படாத ஸ்டாக் இடத்தைப் படித்தது, அங்கே முந்தைய ஓர் அழைப்பு விட்டுப்போன முகவரி கிடந்தது, அதை அழைத்தவர் என்று காட்டிவிட்டது. எரர் வந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். வந்ததோ நம்பத் தகுந்த ஒரு ஃபங்ஷன் பெயர். சக ஊழியர் ஒருவர் சம்பந்தமே இல்லாத அந்த ஃபங்ஷனில் இரண்டு நாள் தேடினார், நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு, கம்பைலர் எழுதிய ஸ்டாக் குறிப்பு இருந்தால் முதலில் அதையே நம்புவது, இல்லாதபோது மட்டும் ஆணைகளைப் படிப்பது என்று மாற்றினோம். கூடவே ஒரு சோதனை: ஃபங்ஷனுக்குள் ஒவ்வோர் ஆணையாக நகர்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேக்டிரேஸ் சரியா என்று பார்ப்பது. ஜிடிபியின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, போர்ட் எழுதுபவர்கள் அதை முதலிலேயே ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனில், அடுத்த வரிக்குப் போகும் ‘நெக்ஸ்ட்’ கொடுத்தாலும் சரியான மட்டத்திலேயே நிற்கிறது. திரும்பும் முகவரி எல்லா மட்டத்திலும் ஒன்றுதானே, எப்படிப் பிரித்தறிகிறது?

முகவரியை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்ளும் என்பது சரி. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (ஓர் அழைப்புக்கு ஸ்டாக்கில் கிடைக்கும் இடம்) ஓர் அடையாளம் உண்டு: ஃபங்ஷனின் தொடக்க முகவரி ஒன்று, அந்த அழைப்புக்கான ஸ்டாக் முகவரி இன்னொன்று. ‘நெக்ஸ்ட்’ உள்ளே ஓர் அழைப்பைச் சந்தித்தால், திரும்பும் இடத்தில் தற்காலிக பிரேக்பாயிண்ட் வைத்து ஓடவிடும். அது அடித்ததும் ஃப்ரேம் அடையாளம் தொடங்கிய ஃப்ரேம்தானா என்று பார்க்கும், ஆழமான மட்டத்தில் அடித்திருந்தால் சத்தமில்லாமல் தொடரும். பேக்டிரேஸ் தப்பானால் ‘நெக்ஸ்ட்’டும் தாறுமாறாகப் போவது இதனால்தான்.

கேள்வி: தனியாக ஓட்டினால் கிராஷ் ஆகிறது, ஜிடிபியில் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

ஜிடிபி தொடங்கிவைக்கும் புரோகிராமுக்கு முகவரிகளை மாற்றிப்போடும் ஏஎஸ்எல்ஆரை அணைத்துவிடும், ஒவ்வொரு முறையும் ஒரே முகவரி வரட்டும் என்று. ‘செட் டிசேபிள்-ராண்டமைசேஷன் ஆஃப்’ கொடுத்துப் பாருங்கள். அதோடு, ‘லைன்ஸ்’, ‘காலம்ஸ்’ என்று இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களைச் சேர்ப்பதால் ஸ்டாக் கொஞ்சம் நகரும். எழுதாத மெமரியைப் படிக்கும் புரோகிராமுக்கு அந்த நகர்வே போதும். அப்படியும் கிராஷ் வராவிட்டால், தனியாக ஓட்டும்போது கிராஷ் ஆன நொடியின் மெமரிப் பிரதியான கோர் டம்ப்பை எடுத்துவிட்டு அதை ஜிடிபியில் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸை அட்டாச் செய்யப்போனால் அனுமதி இல்லை என்கிறது. என் பிராசஸ்தானே?

யாமா என்ற பாதுகாப்புப் பகுதியின் பிட்ரேஸ்-ஸ்கோப் மதிப்பு 1 ஆக இருக்கும், உபுண்டுவில் 10.10 முதல் அப்படித்தான். தன் வழி வந்த பிராசஸை மட்டுமே பிடிக்கலாம் என்று அர்த்தம். ரூட்டாக ஓட்டினால் விடும். சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்டிரேஸ் என்ற கருவி ஏற்கெனவே பிடித்திருந்தாலும் முடியாது, ஒரு த்ரெட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும்.

கேள்வி: எம்பெடெட் வேலை. போர்டோடு இணைந்ததும் ‘ஜி பாக்கெட் பதில் மிக நீளம்’ என்று எரர். என்ன அர்த்தம்?

ஜிடிபியும் போர்டும் பேசும் மொழி ரொம்ப எளிமையானது: ஒரு டாலர் குறி, செய்தி, ஒரு # குறி, கடைசியில் இரண்டு இலக்கச் செக்சம். செய்தியின் பைட்களைக் கூட்டி 256-ஆல் வகுத்த மீதி, ஹெக்ஸில். ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துக்கு ‘எல்லா ரெஜிஸ்டரையும் கொடு’ என்று பொருள். அந்த எழுத்தின் மதிப்பு ஹெக்ஸில் 67, ஆகவே செக்சமும் 67. பதிலாக எல்லா ரெஜிஸ்டரும் பெயரில்லாமல் வரிசையாக வரும். எந்த வரிசை, எத்தனை பிட் என்பதை இரு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் போர்டு ஜிடிபி எதிர்பார்த்ததைவிட அதிகம் அனுப்புகிறது, பெரும்பாலும் 32 பிட் என்று ஜிடிபி நினைக்க போர்டு 64 பிட்டில் இருக்கும். ஆர்கிடெக்சரைச் சரியாகச் சொல்லுங்கள். போர்டு பக்கக் கோடு உங்களுடையது என்றால், ரெஜிஸ்டர் பட்டியலை எக்ஸ்எம்எல்லாக அனுப்பும் வசதியைச் சேர்த்துவிடுங்கள், இந்தத் தொல்லை தீரும்.

கேள்வி: இவ்வளவு பழைய கோடைப் பராமரிப்பது சலிப்பாக இல்லையா? உள்ளே படிக்க ஆசை, எங்கே தொடங்குவது?

1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் சி மொழியில் தொடங்கிய புரோகிராம். ஆனால் அப்படியே உறைந்து நிற்கவில்லை. 2017-இல் வந்த 8.0 முதல் சி++11 கம்பைலர் இல்லாமல் அதைக் கட்ட முடியாது. முன்பு எரர் வந்தால் லாங்ஜம்ப்பில் தாவி, திறந்ததையெல்லாம் மூடக் கையால் பட்டியல் வைத்திருப்பார்கள். ஒன்றை விட்டுவிட்டால் லீக். அந்தப் பட்டியல்களைக் கழற்றி, சி++ தானாகவே ஓட்டும் டிஸ்ட்ரக்டர்களிடம் ஒப்படைத்தவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி போவது புது வசதியில் அல்ல, கம்பைலர், கெர்னல், டுவார்ஃப் மூன்றும் நகரும்போது உடையும் சோதனைகளைப் பார்ப்பதில்தான். சலிப்பு வந்ததில்லை.

தொடங்க, கோடைத் திறப்பதற்கு முன் இரண்டு கட்டளை அடித்துப் பாருங்கள். ‘மெயிண்ட் இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ கொடுத்தால் நீங்கள் வைக்காத பிரேக்பாயிண்ட்கள் மைனஸ் எண்களோடு வரும். புது லைப்ரரி ஏறும்போது தெரிந்துகொள்ள ஜிடிபி தனக்காக வைத்தவையும் அதில் இருக்கும். அப்புறம் ‘செட் டீபக் இன்ஃப்ரன் 1’ கொடுத்துவிட்டு ஒரே ஒரு ‘நெக்ஸ்ட்’ அடியுங்கள். நின்றேன், இது நான் தேடிய இடமில்லை, மறுபடி விடுகிறேன் என்று அது எடுக்கும் ஒவ்வொரு முடிவும் திரையில் ஓடும். அதில் வரும் ஃபங்ஷன் பெயரைப் பிடித்துக்கொண்டு, புரோகிராமை ஓடவிடுவதையும் நிறுத்துவதையும் கவனிக்கும் இன்ஃப்ரன் கோப்புக்குள் போங்கள். பெரிய கோப்பு, முதல் வாரம் தலை சுற்றும், ஆனால் உங்கள் ‘நெக்ஸ்ட்’ போன வழி கையில் இருப்பதால் தொலைந்துபோக மாட்டீர்கள்.