கேள்வி – பதில்: மசாத்லான் துறைமுகத்தில் ஒரு பகல்

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலில் ஜனவரி மாதம் பெற்றோருடன் செல்ல இருக்கிறோம். மெக்சிகோவின் மசாத்லானில் கப்பல் காலை முதல் மாலை வரை நிற்குமாம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர வேண்டுமா, நாங்களாகவே ஊரைப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக நீங்களாகவே பார்க்கலாம். மசாத்லானின் பழைய நகரம் கப்பல் துறையிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. சரக்குக் கப்பல்களும் வந்துபோகும் வளாகம் என்பதால் கப்பலடியிலிருந்து முனையம் வரை வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள். அதன்பின் தரையில் தீட்டியுள்ள நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பழைய நகரத்துக்குள் போய்ச் சேரலாம்.

ஏற வலுவுள்ளவர்கள் வெயில் ஏறும் முன்பே கிரெஸ்தோன் குன்றுக்குப் போய்விடுவது நல்லது. கடல் மட்டத்திலிருந்து 157 மீட்டர் உயரத்தில், அதன் உச்சியில்தான் ஊரின் கலங்கரை விளக்கம் நிற்கிறது. முதலில் மண்பாதை, கடைசியில் படிகள். நிழல் குறைவு என்பதால் தண்ணீர் கையில் இருக்கட்டும். பெற்றோரை இதில் ஏற்ற வேண்டாம். அவர்களைப் புல்மோனியா எனப்படும் வண்டியில் கடற்கரைச் சாலைக்கு அனுப்பிவிடுங்கள். பக்கச் சுவர்களே இல்லாத இந்தத் திறந்த வாடகை வண்டிகள் 1965-லிருந்து இந்த ஊரில் ஓடுகின்றன. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கா வண்டிக்கா, பெசோவா டாலரா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

அந்தச் சாலையில் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிப்பவர்களைக் காணலாம். கீழே இருப்பது பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகலான இடுக்கு. அலை உள்ளே வந்து நீர்மட்டம் உயரும் அந்தச் சில நொடிகளில்தான் குதிக்க முடியும் என்பதால், குதிப்பவர் விளிம்பில் நின்றபடி ஒவ்வோர் அலையாக விட்டுவிட்டுக் காத்திருப்பார். பார்ப்பவர்கள் தரும் பணமே அவர்களுக்குக் கூலி. படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது அழகல்ல.

மீதிப் பொழுதைப் பழைய நகரத்துக்கே கொடுங்கள் என்பேன். அதன் மையமான மச்சாடோ சதுக்கத்தை ஒட்டி ஆஞ்சலா பெரால்டா அரங்கம் இருக்கிறது. மெக்சிகோவின் புகழ்பெற்ற ஓபரா பாடகியான ஆஞ்சலா பெரால்டா 1883 ஆகஸ்டில் தம் குழுவினருடன் கப்பலில் இங்கு வந்திறங்கினார். ஊரில் அப்போது மஞ்சள் காய்ச்சல். சில நாட்களிலேயே அவரும் குழுவில் பெரும்பாலோரும் இறந்துபோனார்கள். 1874-இல் திறக்கப்பட்ட அரங்கத்துக்குப் பின்னாளில் அவர் பெயரைச் சூட்டினார்கள். இடையில் அது திரையரங்காகவும் மாறி, 1975-ஆம் ஆண்டுப் புயலில் மேலும் சிதைந்து, உள்ளே மரம் முளைக்கும் அளவுக்குப் பாழடைந்து கிடந்து, 1992-இல்தான் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பட்டது. நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து சற்று நடந்தால் மஞ்சள் கோபுரங்கள் கொண்ட பேராலயமும், அதற்கு அடுத்தாற்போல் இரும்புக் கட்டுமானத்தில் எழுந்த பினோ சுவாரஸ் சந்தையும் வரும். இறால்தான் இந்த ஊரின் பெருமை. அருகிலுள்ள ஒரு தெருவில் பெண்கள் குடை விரித்து, வாளிகளில் பனிக்கட்டி போட்டு, அளவுவாரியாகப் பிரித்த இறாலை விற்பதைப் பார்க்கலாம். அக்வாச்சிலே என்பது பச்சை இறாலை எலுமிச்சைச் சாறு, மிளகாய், வெள்ளரிக்காய், வெங்காயம் சேர்த்து அப்படியே பரிமாறும் உணவு. அடுப்பில் வேகாதது என்பதால், ஆள் நடமாட்டம் மிகுந்த கடையில் மட்டும் உண்ணுங்கள். வயிறு ஒத்துழைக்காதவர்கள் தவிர்ப்பதே நல்லது. சைவர்கள் மசித்த பீன்ஸைக் கேட்கும்போது அதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். பல இடங்களில் சேர்ப்பார்கள்.

கேள்வி: கல் தீவு என்கிறார்களே, ஒரே நாளில் அதையும் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் பழைய நகரம், தீவு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் எதையும் ஓடியோடிப் பார்க்க வேண்டியிராது. பெயர்தான் தீவு, உண்மையில் அது நிலத்தோடு ஒட்டிய தீபகற்பம். சிறு மோட்டார் படகில் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். அங்கே தென்னை மரங்கள், அலை அடங்கிய கடற்கரை, குதிரைச் சவாரி. குழந்தைகளுடன் வருபவர்களுக்கு நான் தீவையே சொல்வேன்.

கேள்வி: விசா, பாதுகாப்பு, நேரம் இவற்றில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கானதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மசாத்லான் அமைந்துள்ள சினலோவா மாநிலத்தில் போதைப்பொருள் கும்பல்களின் மோதல்கள் நடந்திருப்பதால், புறப்படும் வாரத்தில் வெளிவரும் பயண எச்சரிக்கைகளைப் படியுங்கள். கப்பல் இத்துறையையே தவிர்த்துவிட்டுப் போகவும் வாய்ப்புண்டு. நேரத்தைப் பொறுத்தவரை, குளிர்காலத்தில் மசாத்லானின் கடிகாரம் லாஸ் ஏஞ்சலிஸை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறதா என்று முந்தின இரவே கேட்டு, கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பிக் கரையில் சுற்ற வேண்டாம்.