ஒருமை, பன்மை: நிரல் முடிவு செய்யலாமா?

கேள்வி: எங்கள் மென்பொருளைத் தமிழாக்கி வருகிறோம். ‘கோப்பு’ என்ற சொல்லும், எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் சேரும் ‘கள்’ விகுதியும், ‘நீக்கப்பட்டது’ என்ற முடிவும் தனித்தனித் துண்டுகளாக உள்ளன. நிரல் அவற்றை ஒட்டும்போது ‘3 கோப்புகள் நீக்கப்பட்டது’ என்று பிழையாக வருகிறது. நிரலில் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தால் போதுமா?

பதில்: அந்த ஒரு செய்தி மட்டும் சரியாகும். அடுத்து ‘படம்’ என்பது ‘படங்கள்’ என்றும், ‘சொல்’ என்பது ‘சொற்கள்’ என்றும் மாறும்போது மீண்டும் சிக்கல் எழும். இவ்வாறு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போனால், தமிழ் இலக்கணம் முழுவதையும், தமிழ் அறியாதவராகவும் இருக்கக்கூடிய நிரலாளரிடம் ஒப்படைத்தவர்களாவோம். இது முறையன்று என்பதே என் உறுதியான கருத்து.

துண்டுகளைக் கைவிட்டு, ‘1 கோப்பு நீக்கப்பட்டது’, ‘3 கோப்புகள் நீக்கப்பட்டன’ என்று எண்ணுக்கு மட்டும் இடம்விட்ட முழு வாக்கியங்களாக எழுதுங்கள். எந்த எண்ணுக்கு எந்த வாக்கியம் என்ற விதியை, மென்பொருள் செய்திகளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் (gettext) என்ற கருவியின் முறையில், மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பகுதியிலேயே குறிப்பிடலாம். தமிழுக்கு இரண்டு வடிவங்கள் போதும். ஜப்பானியத்துக்கு ஒன்று, அரபிக்கு ஆறு. ரஷ்ய மொழியில் 21 என்ற எண் 1க்குரிய வடிவத்தையே ஏற்கும், 11 ஏற்காது. ஆகவே ‘ஒன்றா, இல்லையா’ என்ற சோதனை நிரலுக்குள் இருந்தால், நாளை வேறு மொழியைச் சேர்க்கும்போது அதுவே தடையாகும். சுழியத்துக்கு மட்டும் ‘கோப்பு எதுவும் நீக்கப்படவில்லை’ என்று தனிச் செய்தி வைப்பது நல்லது.

நீங்கள் கேட்காவிட்டாலும் வேற்றுமை உருபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழாக்கங்களில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அதுதான். பயனர் தந்த பெயர் வரும் இடத்தை அடுத்து ‘ஐ’ என்று எழுதிவைத்தால், திரையில் ‘பயணம்ஐ நீக்கவா?’ என்று தோன்றும். பெயர் என்னவாக இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாததால், உருபை அதன்மேல் ஏற்றாமல், ‘“பயணம்” என்ற கோப்பை நீக்கவா?’ என்று அமைத்தால், எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் சிதையாது. ஆட்பெயருக்கு ‘என்பவர்’ உதவும். ‘இணைந்தார்’ என்ற மரியாதை வடிவத்தால் ஆண்பால், பெண்பால் சிக்கலும் தீரும்.

ஒரே செய்தியில் இரண்டு பெயர்கள் வருமானால், அவற்றின் இடங்களுக்கு வரிசை எண் கொடுக்கும்படி நிரலாளரிடம் கேளுங்கள். தமிழில் அவற்றின் வரிசை மாற நேரிடும். வெளியிடுமுன் ஒவ்வொரு செய்தியையும் 0, 1, 2 ஆகிய எண்களோடும், மெய்யில் முடியும் ஒரு பெயர், உயிரில் முடியும் ஒரு பெயர் ஆகியவற்றோடும் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள்.