ஓய்வு நேரத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம்: என்ன தகுதி வேண்டும்?

கானாடுகாத்தானில் ஒரு பாரம்பரிய விடுதியில் வேலை பார்க்கிறேன். சுற்றுலா மேலாண்மையில் முதுகலை, 58 சதவீதம். மக்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பிஎச்.டி. செய்ய ஆசை. வேலையை விடாமல் முடியுமா?
– வாசகி, காரைக்குடி

தாராளமாக முடியும். ஆனால் ‘பொழுதுபோக்கும் ஓய்வும்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய துறையைத் தேடி அலையாதீர்கள். அந்தப் பெயரிலேயே பட்டம் வேண்டுமென்றால் கனடாவின் வாட்டர்லூ போன்ற பல்கலைக்கழகங்களுக்குத்தான் போக வேண்டும். இங்கே சுற்றுலா, உடற்கல்வி, சமூகவியல் துறைகளுக்குள்தான் இதற்கு இடம். உங்களுக்குச் சுற்றுலாதான் சரியான வாசல்.

யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறை முதுகலையில் 55 சதவீதம் கேட்கிறது. அது உங்களிடம் இருக்கிறது. அடுத்து நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் சுற்றுலா நிர்வாகம், மேலாண்மைத் தாளை எழுதுங்கள். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30.

பகுதிநேரம் என்பதால் விடுதியிலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற வாக்கு, மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, கிடைப்பதுதான் பெரும்பாடு. பேராசிரியர் ஒரு நேரத்தில் 8 பேர், இணைப்பேராசிரியர் 6, உதவிப்பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இரண்டையும் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தலைப்பு? ‘செட்டிநாட்டில் சுற்றுலா வளர்ச்சி’ வேண்டவே வேண்டாம், அரைத்த மாவு. விருந்தினர் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து படம் எடுக்கும் நேரத்தில், அதே வீட்டில் அறை பெருக்குபவருக்கும் சமையல்கட்டில் நிற்பவருக்கும் ஓய்வு என்பது எது, எத்தனை மணி? சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று யாருக்கு லீவு, யாருக்கு டபுள் ஷிப்ட்? அவர்களிடம் நேரக் குறிப்பேடு கொடுத்து ஒரு வாரம் எழுதச் சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019, 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் விடுதியிலேயே ஆய்வு செய்தால் சிக்கல்: தடையின்மைச் சான்று தருபவரும் உங்கள் முதலாளிதான். வேறு விடுதிகளில் தரவு எடுப்பது நல்லது.

குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. கோர்ஸ்வொர்க்கில் 12 கிரெடிட், அதிலும் 55 சதவீதம். கடைசியில் ஆய்வேடு, வெளித்தேர்வாளர் இருவர், வாய்மொழித் தேர்வு. கட்டுரை வெளியிடுவதை யூஜிசி இப்போது கட்டாயமாக்கவில்லை. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். அப்புறம், தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. தருகிறோம் என்று யார் வந்தாலும் பணம் கட்டிவிடாதீர்கள், அது செல்லாது.