சண்டர்லாந்து நிசான் ஆலையை நம்பிக் குடும்பத்தோடு வரலாமா?

தம்பி, ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு, வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் நிசானுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து வேலை வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரே ஆலையை அண்டிப் பிழைக்கும் ஊருக்கு மனைவி, பிள்ளையோடு வரலாமா, ஜப்பானியர்கள் என்றாவது இழுத்து மூடிவிட்டுப் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஆலைக்குப் பொருள் கொடுக்கும் நிறுவனங்களிலேயே பல ஆண்டுகள் கழித்தவன் நான். தாராளமாக வரலாம் என்றே சொல்வேன். ஆனால் நாற்பதாண்டு பழைய ஆலை என்ற தைரியத்தில் வராதீர்கள். நீங்கள் செய்யப்போகும் பாகம் எந்த காருக்குப் போகிறது, அந்த கார் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

இதைப் புரிந்துகொள்ள, நிசான் இங்கே ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டன் சந்தையில் ஜப்பானிய கார்கள் சுமார் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற உடன்பாடு இரு நாட்டுத் தொழில்துறையினருக்கும் இடையே இருந்தது. கப்பலில் அனுப்பி விற்பதற்கு வரம்பு வந்துவிட்டதால், ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கு உள்ளேயே ஓர் ஆலை வேண்டும் என்று நிசான் தேடியது. கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் நொடித்துக்கொண்டிருந்த வடகிழக்கு இங்கிலாந்துக்கு எப்படியாவது வேலை கொண்டுவர வேண்டிய கட்டாயத்தில் பிரதமர் தாட்சரின் அரசு இருந்தது. 1984 பிப்ரவரியில் இருதரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அரசு மானியம் கிடைத்தது. அஸ்வர்த் என்ற பழைய விமானத் தளமும் அதைச் சுற்றியிருந்த நிலமும் விவசாய நிலத்தின் விலைக்குக் கொடுக்கப்பட்டன. 1986 ஜூலையில் முதல் புளூபேர்ட் கார் வெளிவந்தது. அதைச் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், வந்தால் பாருங்கள். செப்டம்பரில் தாட்சரே வந்து ஆலையைத் திறந்துவைத்தார். 1988-இல் ஊரின் கப்பல் கட்டும் தொழில் முடிந்தது, 1993-இல் வேர்மவுத் சுரங்கமும் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் இப்போது கால்பந்து மைதானம் நிற்கிறது.

உங்களுக்கு வேலை தருகிற நிறுவனம் இந்த ஊரில் இருப்பதற்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் கூடமாகத்தான் ஆலை இயங்கியது. பிறகு காரின் மதிப்பில் 60 விழுக்காடு, அதன்பின் 80 விழுக்காடு ஐரோப்பாவில் உருவாக வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. 80 விழுக்காட்டை எட்டாத புளூபேர்டை ஐரோப்பிய காராகக் கணக்கில் எடுக்க முடியாது என்று 1988-இல் பிரான்சு முரண்டு பிடித்தது. அந்தக் கணக்கை நேர்செய்யத்தான் இருக்கை, பம்பர், புகைபோக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஆலையைச் சுற்றியே நிறுவனங்கள் முளைத்தன. இருக்கைகள் கார் வரும் வரிசைப்படியே, அதே நிறத்தில், குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும்; நிசானில் உற்பத்தி லைன் நின்றால் பாகம் செய்கிற இடத்திலும் அன்றைக்கு வேலை நிற்கும்.

வேலைப் பண்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒரகடத்தில் பார்த்ததுதான் இங்கேயும். ஒரே தொழிற்சங்கம், மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம், ஷிஃப்ட் தொடங்கும்போது குழுக் கூட்டம். வேலைநிறுத்தத்துக்குப் பேர்போன அன்றைய பிரிட்டிஷ் கார் தொழிலில் இவை பெரிய புதுமைகளாகப் பேசப்பட்டன. லைனின் வேகம் மனிதரைப் பிழிந்தெடுக்கிறது என்ற குற்றச்சாட்டும் அப்போதிருந்தே உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்த ஆலை எந்த மாடலையும் உரிமையாகப் பெற்றதில்லை. ஒவ்வொன்றுக்கும் நிசானின் பிற ஆலைகளோடும், 1999-க்குப் பிறகு அதன் கூட்டாளியான பிரெஞ்சு நிறுவனம் ரெனோவின் ஆலைகளோடும் போட்டியிட்டே வாங்கியிருக்கிறது. இங்கே செய்யப்பட்ட மைக்ரா 1993-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. அந்த விருதை வாங்கிய முதல் ஜப்பானிய கார் அதுதான். அப்படியிருந்தும் அடுத்த மைக்ராவை, பவுண்டின் மதிப்பு உயர்ந்திருப்பதைக் காட்டி, பிரான்சின் ஃப்ளான் நகருக்குக் கொண்டுபோகலாமா என்று நிசானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோன் யோசித்தார். அரசு 4 கோடி பவுண்ட் உதவி தர முன்வந்த பிறகே, 2001-இல் அது சண்டர்லாந்துக்கு உறுதியானது. அதற்கடுத்த மைக்ரா எங்கே போனது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்: 2010-இல் ஒரகடத்துக்கு வந்தது, எண்ணூரில் கப்பலேறி இதே ஐரோப்பாவுக்கு விற்பனைக்கு வந்தது. இங்கே அந்த இடத்தை ஜூக் என்ற புதிய கார் நிரப்பியதால் ஆலை தப்பியது. ஆனாலும் முந்தைய ஆண்டின் மந்தநிலையில் 1,200 பேருக்கு வேலை போயிருந்ததை ஊர் மறந்திருக்கவில்லை. பிறகு ஐரோப்பிய மைக்ரா உங்களிடமிருந்தும் பறிபோய், ஒருவழியாக ஃப்ளானுக்கே சேர்ந்தது. 2025-இல் ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த பங்கை நிசான் ரெனோவுக்கே விற்றுவிட்டது. ஆலைகள் கைமாறுவதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சண்டர்லாந்தைத் தூக்கி நிறுத்தியது கஷ்காய் என்ற மாடல். லண்டன் பாடிங்டனில் வடிவமைத்து, கிரான்ஃபீல்டில் பொறியியல் பணிகள் முடித்து, 2006 இறுதியில் இங்கே உற்பத்தி தொடங்கிய கார் அது. அதன் வெற்றியால் 2012-இல் ஆலை ஒரே ஆண்டில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைச் செய்தது. பிரிட்டனில் எந்த ஆலையும் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டதில்லை. இப்போதைய உற்பத்தி அந்த உச்சத்தைவிட வெகுவாகக் குறைவு என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்கு விற்கவே கட்டப்பட்ட ஆலையைக் கொண்ட இந்த ஊர், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று 61 விழுக்காடு வாக்களித்தது. வேலைக்கு வந்த புதிதில் இதைப் பற்றி யாரிடமும் வாதாட வேண்டாம் என்பது என் யோசனை. அந்த ஆண்டே அடுத்த கஷ்காயும் எக்ஸ்-டிரெயில் என்ற இன்னொரு காரும் இங்கேதான் என்று நிசான் அறிவித்தது. 2019 பிப்ரவரியில் எக்ஸ்-டிரெயிலை ஜப்பானிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. 2020-இல் பார்சலோனா ஆலையை மூட முடிவெடுத்தபோது சண்டர்லாந்தை விட்டுவைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட வணிக உடன்பாட்டில், வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போக, காரின் மதிப்பில் எவ்வளவு உள்நாட்டில் உருவானது என்ற பழைய கணக்கு மறுபடியும் வந்து நின்றது. பேட்டரி ஆலை பக்கத்திலேயே இருப்பது இதனால்தான் பெரிய பலம். 2021-இலும் 2023-இலும் அறிவித்த முதலீடுகளோடு, மின்சார லீஃப், ஜூக், கஷ்காய் மூன்றும் இங்கே ஒதுக்கப்பட்டுள்ளன. உலகெங்கும் 17 ஆலைகளை 10 ஆகக் குறைப்பதாக 2025-இல் நிசான் அறிவித்த பிறகும் நான் உங்களை வரச் சொல்வதற்கு இந்த ஒதுக்கீடே காரணம்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நீங்கள் சேரும் நிறுவனம் செய்யும் பாகம் மின்சார காரிலும் இருக்கிறதா, பெட்ரோல் காரோடு முடிந்துவிடுமா என்று கேளுங்கள். புகைபோக்கி செய்கிற இடத்துக்கும் இருக்கை செய்கிற இடத்துக்கும் எதிர்காலம் ஒன்றல்ல. நிசானோடு அவர்களுக்குள்ள ஒப்பந்தம் எந்த ஆண்டுவரை என்று கேட்பதிலும் தவறில்லை, இங்கே அதை யாரும் அதிகப்பிரசங்கித்தனமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் விசா அந்த நிறுவனத்தின் அனுசரணையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வேறு நிறுவனம் தேட, பொதுவாக 60 நாள்தான் அவகாசம் கிடைக்கும். அதனால் வெளிநாட்டவரை விசாவில் வேலைக்கு எடுப்பதற்கான அனுசரணை உரிமம் வைத்திருக்கும் வேறு நிறுவனங்கள் சண்டர்லாந்திலும் நியூகாசிலிலும் எவை என்று இப்போதே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டை முதல் ஆண்டு வாடகைக்கு எடுத்தால் போதும். சண்டர்லாந்தை ஒட்டியுள்ள வாஷிங்டன் என்ற பகுதியில் எடுத்தால் ஆலைக்கும் பக்கம், உங்கள் மனைவி நியூகாசிலில் வேலை தேடுவதற்கும் வசதி.

சண்டர்லாந்துக்காரரைத் தவறியும் 'ஜார்டி' என்று அழைத்துவிடாதீர்கள். அது நியூகாசில்காரருக்கு உரிய பெயர். இரண்டு ஊருக்கும் கால்பந்தில் தீராத பகை.