துயர் துடைப்பு மையம் மூடப்படுவதற்கு முன்

கேள்வி: ஜொகூர் மாநிலம், லாபிஸ் வட்டாரத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த நாங்கள், வெள்ளத்தால் பள்ளி மண்டபத்தில் உள்ள துயர் துடைப்பு மையத்தில் தங்கியிருக்கிறோம். எங்கள் லயத்துத் தங்கச்சி ஒருத்தி, குழாயடியில் துணி துவைக்கச் சட்டைக் கையை மடித்தபோது, மணிக்கட்டு வரை கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். வீட்டிலேயே அடி உண்டு என்றும், வெள்ளத்துக்குப் பிறகு அது கூடிவிட்டது என்றும், கணவர் படுக்கையிலும் மிரட்டிப் பணியவைக்கிறார் என்றும் அழுதாள். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணப் பதிவு இல்லை. "யாரிடமும் சொல்லாதீங்க அக்கா" என்கிறாள். நான் என்ன செய்வது?

பதில்: அவள் உங்களை நம்பிச் சொல்லிவிட்டாள்; அதுவே பெரிய காரியம். "நீ சொல்வதை நம்புகிறேன், இதில் உன் தவறு ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள். "இத்தனை நாள் ஏன் பொறுத்தாய்" என்று கேட்காதீர்கள். கணவரிடமோ, அவருடைய தாயாரிடமோ, கோயில் தலைவரிடமோ பேசித் தீர்த்துவைக்கப் போகவும் வேண்டாம். பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்து அனுப்பிவைத்த பிறகு விழும் அடி முன்னதைவிடப் பலமாக இருப்பதையே என் அனுபவத்தில் அதிகம் கண்டிருக்கிறேன். வீடு மூழ்கிய கவலை அந்த மையத்தில் உள்ள எல்லா ஆண்களுக்கும்தான் இருக்கிறது. எல்லாரும் மனைவியை அடிக்கவில்லை.

பதிவில்லாத தாலிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவள் நினைத்திருக்கக்கூடும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், சமயச் சடங்குப்படியோ வழக்கப்படியோ மணந்தவர்களை, அந்தத் திருமணம் பதிவாகாவிட்டாலும், கணவன் மனைவியாகவே கருதுகிறது. அடி மட்டுமல்லாமல், மறுக்க உரிமையுள்ள ஒரு செயலுக்கு, அது உடலுறவே ஆனாலும், மிரட்டிப் பணியவைப்பதும் அச்சட்டத்தின்படி வன்முறைதான்.

மையத்தை நடத்துவது சமூக நல இலாகா என்பதால், உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2018 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அதிகாரம் பெற்ற நல அதிகாரி ஏழு நாள்களுக்கான அவசரப் பாதுகாப்பு உத்தரவை வழங்க முடியும். அதற்குப் போலீஸ் புகார் கட்டாயமில்லை. அவள் புகார் செய்ய முன்வந்தால், விசாரணை முடியும்வரை செல்லும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கோரலாம். மையம் மூடப்பட்டு, சேறு படிந்த வீட்டுக்கு அவரோடு தனியாகத் திரும்பும் நாள்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. ஆகவே அதிகாரியைச் சந்திக்கும் வழியை அதற்குள் அவளிடம் சொல்லிவையுங்கள். போவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருந்தால் மட்டும் உங்கள் மௌனத்துக்கு இடமில்லை. தெரிந்தும் தகவல் தராதிருப்பதே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அண்மையில் பலவந்தம் நடந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்வது நல்லது. கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளைக் கூடிய விரைவில் தொடங்க வேண்டும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அலசிப் போடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். துவைத்துவிட்டாலும் பரவாயில்லை, சிகிச்சைக்குப் போகலாம். காயங்களைப் படம் எடுப்பதானால் அவள் சம்மதத்தோடு உங்கள் கைப்பேசியில் எடுங்கள். அவளுடையதை அவர் பார்க்கக்கூடும்.

வெள்ளத்தில் போன அடையாள அட்டைக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் தேசியப் பதிவிலாகாவுக்கு எப்படியும் போயாக வேண்டும். யாரும் சந்தேகிக்காமல் அவள் வெளியே போய்வர அது நல்ல காரணம். நீங்களும் துணைக்குப் போய், வழியில் 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவித் தொலைபேசி எண்ணுக்கு அவளையே பேசச் சொல்லுங்கள். அது 24 மணி நேரமும் இயங்குகிறது. புதிய சான்றுகளின் நகல்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பின் பயன்படுத்த ஒரு குறிச்சொல்லையும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, கறிவேப்பிலை இருக்கா?" என்று அவளிடமிருந்து செய்தி வந்தால் நீங்கள் உடனே 999-ஐ அழைக்க வேண்டும், தனியாக அந்த வீட்டுக்குள் நுழைந்து தடுக்கப் போகாதீர்கள்.