எஸ்பிஎஃப் 30 பூசியும் முகம் கருக்கிறதா?

எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 உள்ள பகல் க்ரீமைத் தினமும் பூசியும் முகம் கருக்கிறது, க்ரீம் போலியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இடிப்பது அளவுதான். பட்டாணி அளவு என்கிறீர்களே, அது ஈரப்பதத்துக்குப் போதும், வெயிலுக்குப் போதாது. அந்த 30, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். முகம், கழுத்துக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுங்கள். இவ்வளவா என்று திகைப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. பாதியைப் பூசி, உலர்ந்ததும் மீதியைப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்காது. அப்புறம், எஸ்பிஎஃப் பெரும்பாலும் வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்ற வகைக்கான கணக்கு. கருப்பதில் யுவிஏ என்ற இன்னொரு வகைக்கும் பங்கு உண்டு; டப்பாவில் யுவிஏ தடுப்பைக் காட்டும் பிஏ+++ குறி இருக்கிறதா பாருங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.