அலாஸ்காவில் ஏழு நாள் படகுப் பணியாளர் உரிமம் யாருக்குப் பொருந்தும்? சட்டமன்றம் கட்டணத்தை மாற்றினால் எதைப் பார்க்க வேண்டும்?

கோடையில் சில நாள் மட்டும் அலாஸ்காவின் சால்மன் படகில் வேலைக்குப் போகிறவர் முழு ஆண்டு உரிமம் எடுக்க வேண்டுமா, ஏழு நாள் செல்லும் குறுகிய கால உரிமம் போதுமா, கட்டணம் ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது கேள்வி. அலாஸ்காவாசி ஒரு வாரத்துக்கு மேல் படகில் இருக்கப்போகிறார் என்றால் ஆண்டு உரிமமே எடுக்கட்டும். வெளிமாநிலத்தார் உறுதியாக ஏழு நாளுக்குள் கரைக்குத் திரும்பிவிடுவார் என்றால் மட்டும் குறுகிய கால உரிமத்தைப் பார்க்கலாம். இரண்டில் எதுவானாலும் படகில் கால் வைப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் கோட்டைவிட்டால் வரும் இழப்பு, கட்டண வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது.

நம் ஊர் வழக்கத்தோடு இங்கே ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும் உரிமமும் படகுக்குத்தான். அலாஸ்காவில் படகுக்குத் தனி, மீன்பிடி அனுமதிச் சீட்டு வைத்திருப்பவருக்குத் தனி, மேல்தளத்தில் வலை இழுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தனி. அமெரிக்காவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் இது மாறுகிறது. மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்பவரின் உரிமம் மூன்று வகுப்பாக இருக்கிறது. முதல் வகுப்பில் உதவியாள் கூடாது, இரண்டாவதில் உரிமம் இல்லாத ஒருவர், மூன்றாவதில் இருவர். அங்கே உதவியாளுக்கான செலவு படகுக்காரரின் உரிமத்துக்குள் அடங்கிவிடுகிறது. அலாஸ்காவில் அந்தச் செலவு பணியாளர் தலையில் விழுகிறது. படகை நடத்தும் ஸ்கிப்பர் நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்தால் அது அவர் விருப்பம்.

யாருக்குத் தேவை என்பதைச் சட்டம் விரிவாகவே எழுதியிருக்கிறது. மீனைப் பிடிப்பதில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கேற்கும் எவரும் வணிக மீனவர்தான். பங்குக்கு வேலை செய்தாலும் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் அதில் மாற்றமில்லை. சமையல்காரரும், எஞ்சின் பார்ப்பவரும், பிடித்த மீனை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் படகின் ஆட்களும் இதில் அடக்கம். விருந்தினராக வந்து எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் வலையிலிருந்து மீனைக் கழற்றக் கை கொடுத்த கணத்தில் அவர் விருந்தினர் இல்லை. கரையோர நிலைவலைகளில் குடும்பமாக வேலை செய்யும் பிரிஸ்டல் விரிகுடாவில் குழந்தைகளுக்கும் உரிமம் எடுக்கிறார்கள். 11 வயது நிரம்பாத உள்ளூர்க் குழந்தைக்கு 5 டாலர். மறுபக்கம், தன் பெயரில் மீன்பிடி அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் வேறொருவர் படகில் பணியாளாகப் போனால் தனி உரிமம் வேண்டியதில்லை. அந்தச் சீட்டே போதும்.

இனிக் கணக்கு. சட்டப் புத்தகத்தில் உள்ளூர்வாசியின் ஆண்டுக் கட்டணம் 60 டாலர், ஏழு நாள் உரிமத்துக்கு 30 டாலர் என்று எழுதப்பட்டது. ஆக உள்ளூர்வாசிக்கு எட்டாவது நாள் வந்துவிட்டாலே குறுகிய கால உரிமத்தால் மிச்சம் இல்லை. வெளிமாநிலத்தார் ஆண்டு உரிமத்துக்குச் சட்டம் ஒரு எண்ணைத் தரவில்லை. 60 டாலரும், அதற்கு மேல் "சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவுக்கு முடிந்தவரை நெருங்கிய" ஒரு கூடுதல் தொகையும் என்றுதான் சொல்கிறது. அந்தக் கூடுதலை மீன் மற்றும் வனவிலங்குத் துறை விதியின் மூலம் நிர்ணயிக்கிறது. அதனால்தான் சட்டமன்றம் ஒரு சொல்லையும் மாற்றாத ஆண்டில்கூட வெளிமாநிலத்தார் கட்டணம் மாறும். பழைய பதிவுகளில் பார்த்த எண்ணை நம்பிப் பணம் எடுத்துவைக்காதீர்கள். வாங்கும் நாளில் துறையின் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் தொகைதான் கணக்கு.

இந்த விசித்திரமான வாசகத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் வெளிமாநிலத்தாரிடம் மூன்று மடங்கு கட்டணம் வாங்கினார்கள். 1984-இல் வெளிமாநில மீனவர்கள் அனைவர் சார்பிலும் கார்ல்சன் வழக்கு தொடங்கியது. ஒரு மாநிலத்துக் குடிமகனுக்கு உள்ள உரிமையை மற்ற மாநிலத்துக் குடிமகனுக்கு மறுக்கக்கூடாது என்னும் கூட்டாட்சி அரசியலமைப்பின் பிரிவே அவர்கள் பிடி. முன்னுதாரணமும் இருந்தது. தென் கரோலினா மாநிலம் இறால் படகுக்கு உள்ளூர்வாசியிடம் 25 டாலரும் வெளியாரிடம் 2,500 டாலரும் வாங்கியதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் செல்லாது என்று சொல்லியிருந்தது.

அலாஸ்கா நீதிமன்றம் கூடுதல் கட்டணத்தை முழுக்கத் தடுக்கவில்லை. மீன்வளத்தைப் பராமரிக்க மாநிலம் செலவிடும் பணத்தில் உள்ளூர்வாசிகளின் பங்கும் இருக்கிறது, எண்ணெய் வருமானமும் அதில் சேரும், அந்தச் சுமைக்கு ஈடான அளவுக்கு வெளியாரிடம் அதிகம் வாங்கலாம் என்று ஒரு கணக்குமுறையைக் கொடுத்தது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டியிருந்தது. வட்டிக் கணக்கு 2012 வரை இழுத்தது. இதை அறிந்தவருக்கு, "வெளியாருக்கு நூறு டாலர் ஏற்று" என்று ஒரு உறுப்பினர் மசோதா கொண்டுவரும்போது அது ஏன் அவ்வளவு எளிதில் நிற்காது என்பது புரியும். கணக்கு காட்டாமல் ஏற்றிய ஒவ்வொரு டாலரும் பின்னாளில் வட்டியோடு திரும்பப் போகக்கூடிய டாலர்.

குறுகிய கால உரிமத்தில் இதே இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. வெளியாரின் ஆண்டுக் கட்டணம் நூற்றுக்கணக்கான டாலராகவும், ஏழு நாள் உரிமம் 30 டாலராகவும் இருந்தால், ஆண்டு உரிமம் எடுத்திருக்க வேண்டியவரும் மலிவான பக்கம் சாய்வார். துறைக்கு வருமானம் குறையும். மாறாக ஏழு நாள் கட்டணத்தை உயர்த்தினால், காயம்பட்ட பணியாளுக்குப் பதிலாக நாலு நாளுக்கு ஒருவரை அவசரமாக ஏற்றும் சிறு படகுக்காரர் அடிபடுவார். அந்த உரிமம் நியாயமாகப் பயன்படும் இடமே அதுதான். அலாஸ்காவின் சிட்கா பக்கம் ஹெரிங் மீன்பிடிப்பைச் சில மணி நேரத்துக்கு மட்டும் திறந்த ஆண்டுகள் உண்டு. 1995-இல் ஆளுக்கு இவ்வளவு மீன் என்னும் தனிநபர் ஒதுக்கீடு வரும் முன் ஹாலிபட் மீன்பிடிப்பும் இப்படி ஒரு நாள் ஓட்டமாகவே நடந்தது. இத்தகைய குறும் பருவத்துக்கு ஒரு மாற்று ஆள் கிடைக்க வேண்டும் என்றால் உரிமமும் குறுகியதாக, மலிவாக இருக்க வேண்டும். என் கருத்தில், சட்டமன்றம் கை வைக்க வேண்டியது விலையில் இல்லை. ஓர் ஆண்டில் ஒருவர் எத்தனை முறை வாங்கலாம் என்பதில்தான். விலையை ஏற்றினால் ஏய்ப்பவரோடு ஏழை மாற்றாளும் சேர்ந்து அடிபடுகிறார்.

மசோதாவை நீங்களே படிக்கலாம், கடினமில்லை. அலாஸ்கா சட்டமன்றத்தின் மசோதாக்களில் புதிதாகச் சேர்க்கும் சொற்களுக்கு அடிக்கோடு இருக்கும். நீக்கும் சொற்கள் சதுர அடைப்புக்குள் பெரிய எழுத்தில் இருக்கும். கட்டணப் பகுதியில் ஒரு எண் அடிக்கோட்டோடும், பக்கத்தில் ஒரு எண் அடைப்புக்குள்ளும் இருந்தால் பழையதும் புதியதும் கண்முன் வந்துவிடும். அடுத்து, நிதிக் குறிப்பு என்னும் இணைப்பைத் திறங்கள். எத்தனை உரிமம் விற்கும், எவ்வளவு வரும் என்று துறை போட்ட மதிப்பீடு அதில் இருக்கும். மசோதா எந்தக் குழுவில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். பணம் சம்பந்தப்பட்டதென்றால் நிதிக் குழுவைத் தாண்ட வேண்டும், நிறைய மசோதாக்கள் அங்கேயே தூங்கிவிடும். முதலாண்டு நிறைவேறாதது அதே சட்டமன்றத்தின் இரண்டாம் ஆண்டுக் கூட்டத்துக்குத் தொடரும்.

கடைசிப் பகுதியில் இருக்கும் நடைமுறைத் தேதியைத் தவறவிடாதீர்கள். தேதி எதுவும் எழுதப்படாவிட்டால் அரசியலமைப்பின்படி சட்டமான பின் 90 நாளில் நடைமுறைக்கு வரும். வேறு தேதி வைக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்டு உரிமம் நாட்காட்டி ஆண்டுக்குத்தான் என்பதால் கட்டண மாற்றத்தை ஜனவரி 1-இல் வைப்பதே குழப்பமில்லாதது.

அதே ஜனவரி 1 குளிர்காலப் படகுகளில் பலரைச் சிக்கவைக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவோடு பழைய உரிமம் முடிந்துபோகும். பெரிங் கடலில் தூண்டில் கயிற்றுப் படகுகளின் காட் மீன் பருவம் ஜனவரி 1-இல் தொடங்குகிறது. டச் ஹார்பர் துறைமுகத்திலிருந்து புறப்படும்போது பழைய உரிமம் செல்லுபடியாக இருந்தாலும், கடலில் புத்தாண்டு பிறந்ததும் அது வெறும் தாள். டிசம்பரிலேயே அடுத்த ஆண்டு உரிமத்தையும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

ஏழு நாள் உரிமத்தில் தொடக்கத் தேதியே பொறி. நாட்கள் தொடர்ச்சியாக ஓடும். காற்று அடித்துப் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்த நாளும், மீன் மற்றும் வனவிலங்குத் துறை மீன்பிடிப்பை மூடிவைத்த நாளும் கணக்கில் போகும். பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை சால்மன் ஜூலை முதல் வாரத்தை ஒட்டிக் குவியும். ஆனால் மீன் ஒரு வாரம் முன்பின் வருவது சகஜம். ஆங்கரேஜில் விமானம் ஏறும் நாளிலிருந்து உரிமத்தைத் தொடங்கிவிட்டு, கிங் சால்மன் ஊரில் மூடுபனியில் இரண்டு நாள் காத்திருந்தால் மிச்சம் ஐந்து நாள்தான். படகு புறப்படும் நாள் உறுதியான பிறகே தொடக்கத் தேதியை எழுதுங்கள்.

உள்ளூர்வாசிக் கட்டணத்தில் வாங்க ஆசைப்பட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. அலாஸ்காவில் தொடர்ந்து 12 மாதம் வாழ்ந்து, அங்கேயே தங்கும் எண்ணமும் இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் குடியிருப்பவர் என்று சொல்லி அங்கே சலுகை வாங்கிக்கொண்டு அலாஸ்காவிலும் உள்ளூர்வாசி என்று கையெழுத்திட்டால் அது பொய் வாக்குமூலம். விளையாட்டு மீன்பிடி உரிமத்தை வாங்கிவிட்டு இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களையும் வனவிலங்குக் காவலர்கள் விடுவதில்லை.

உரிமத்தின் பெரிய பயன் அபராதத்திலிருந்து தப்பிப்பது அல்ல. படகில் காயம்பட்ட பணியாளுக்குச் சாதாரணத் தொழிலாளர் இழப்பீடு கிடையாது. 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி படகு உரிமையாளர் மீது கோரிக்கை வைக்க வேண்டும். அது வழக்கறிஞர், வருடங்கள் என்று நீளும். அந்த இடைவெளிக்காக அலாஸ்காவில் 1951 முதல் மீனவர் நிதி ஒன்று இயங்குகிறது. உரிமக் கட்டணத்தின் 39 சதவீதம் இதற்கு உரியது. குறிப்பிட்ட வருவாயைக் குறிப்பிட்ட செலவுக்கென ஒதுக்கிவைப்பதை அலாஸ்கா அரசியலமைப்பு தடுக்கிறது. ஆனால் மாநிலமாவதற்கு முன்பே இருந்த ஒதுக்கீடுகளுக்கு விலக்கு உண்டு, அதனால் இது பிழைத்தது. வேறு காப்பீடு எதுவும் கொடுக்காததைக் கடைசியாக இந்த நிதி கொடுக்கும். உச்சவரம்பு உண்டு, பெரிய அறுவை சிகிச்சைக்குப் போதாது. ஆனால் கையில் கொக்கி ஏறியவருக்கும், கயிறு இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் விரல் நசுங்கியவருக்கும் மருத்துவமனைப் பில்லைத் தாங்கும். நிபந்தனை கறாரானது: காயம்படும் முன்பே உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மதியம் அடிபட்டு மாலையில் வாங்கிய உரிமத்துக்கு ஒரு டாலரும் வராது. கட்டணக் குறைப்பு மசோதா வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, இந்த நிதிக்குப் போகும் பங்கு என்ன ஆகிறது என்பதைத்தான்.

படகு 20 மொத்த டன்னும் அதற்கு மேலும் என்றால், புறப்படும் முன் பணியாளுடன் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். பங்கு எத்தனை சதவீதம், எரிபொருளும் உணவும் கழித்த பிறகா முன்பா, எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பத்துப் பேருக்குக் குறைவான படகில் பங்குக்கு வேலை செய்பவரை வரித்துறை சுயதொழில் செய்பவராகவே பார்க்கும். வரி பிடிக்காமல் முழுப் பங்கும் கைக்கு வரும், ஏப்ரலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். உரிமக் கட்டணத்தின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தொழில் செலவாகக் கழிக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசா, சுற்றுலா விசா, ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்ட எச்-1பி விசா ஆகியவற்றில் இருப்பவருக்குக் கடையில் உரிமம் விற்றுவிடக்கூடும், ஆனால் அது வேலை அனுமதி ஆகாது. கப்பல் ஊழியருக்கான டி விசாவும் அமெரிக்கத் துறைமுகத்தைத் தாயகமாகக் கொண்ட மீன்பிடிப் படகுக்குப் பொருந்தாது. "பங்குதானே, சம்பளம் இல்லையே" என்ற வாதமும் குடியேற்ற அதிகாரியிடம் நிற்காது. கிரீன் கார்டு அல்லது குடியுரிமை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண் கேட்பார்கள், அதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.